வாசலில் தண்ணீர் கேன்

ஆவணி 2, திங்கள்

இந்த டைரியை வார்டு நர்ஸ் பியூலா சிஸ்டர் கொடுத்தார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து போட்ட பழைய டைரி. இதில் அச்சடித்திருக்கும் தேதி இந்த வருஷத்துத் தேதி இல்லை. அதனால் வார்டு காலண்டரைப் பார்த்து நானே போட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புதான். "எழுது ஆவுடை, அன்னன்னிக்கு செஞ்சத எழுது, அப்பதான் தல நிக்கும்" என்றார். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிடுகிறேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடுகிறேன். அதைத்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

செய்த வேலை: காலையில் வண்டிக்கு ஆள் ஏற்றினேன். இது சைரன் போட்டுப் போகிற வண்டி இல்லை. எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களை ஸ்கேனுக்கும் டயாலிசிசுக்கும் கட்டிக்குக் கரண்ட், அதுதான் ரேடியேஷன், வைக்கவும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முடிந்ததும் திருப்பிக் கொண்டுவருகிற வண்டி. பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை காலி இல்லை, அதனால் போகவர இருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர்தான் ஓட்டினார். ஆனி மாதம் ஒரு நாள் விடியும்போது எழுப்பினேன், எழுந்திரிக்கவில்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் காண்ட்ராக்டர் இந்த வேலையைக் கொடுத்தார். வார்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து வாசலில் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். ஓட்டுவது ரீகன் தம்பி.

மேல் ஆபீசிலிருந்து கோபிநாத் சார் என்று ஒருவர் வந்திருக்கிறார். நம் வண்டி தினமும் லேட்டாகப் போகிறதாம். ஏன் என்று பார்த்துச் சரிசெய்யப் போகிறாராம்.

ஆவணி 3, செவ்வாய்

ஏழு மணிக்குப் புறப்பட வேண்டிய வண்டி இன்றும் ஏழேமுக்கால் ஆகிவிட்டது. நான் ஆட்களை நேரத்துக்கு வாசலுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். படிவரை வருகிறார்கள். நான் வண்டிக் கதவைத் திறந்துவிட்டுத் திரும்புவேன். அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் தாகம் எடுக்கிறது. "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று உள்ளே போய்விடுகிறார்கள். போனவர்கள் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, பிறகுதான் எழுந்து வருகிறார்கள். ஒருவர் வரும்போது இன்னொருவர் போகிறார்.

சந்தனமாரிதான் பாவம். பீடி சுற்றுகிற பிள்ளை, முப்பது வயசுகூட இருக்காது. தொண்டையில் கட்டி. அவளுக்குத்தான் கரண்ட் வைக்கிறார்கள். மெஷினில் அவள் முறை ஒன்பது மணி. அதற்குள் போகாவிட்டால் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். மறுபடி மெஷின் காலியாகும்வரை காத்திருக்க முடியாது, அதற்குள் நம் வண்டி திரும்ப வேண்டும். அன்றைய கரண்ட் போச்சு. விட்டுவிட்டு வைத்தால் கட்டி மறுபடி தலைதூக்கும் என்று டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். இன்றைக்கும் வைக்காமல்தான் திரும்பி வந்தாள். கூடப் போகிற அவள் மாமியார் என்னைப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

ஆவணி 4, புதன்

இரண்டு டம்ளர் காப்பி ஊற்றிவிட்டேன். ஒன்றைக் குடித்தேன். இன்னொன்று ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆவணி 5, வியாழன்

சாயந்தரம் ரீகன் தம்பியிடம் கிளியைப் பற்றிக் கேட்டேன். போகிற வழியில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே ஒரு கிளி இருக்கிறது. அவர் தினமும் வீட்டுக்கு வந்ததும் அந்தக் கிளி சொன்னதைச் சொல்லுவார். "இன்னைக்கு, ஆவுடை என்ன கொழம்பு வச்சான்னு கேட்டுச்சு" என்பார். "மழ பெய்யப் போவுது, துணிய எடுக்கச் சொல்லு" என்று சொன்னதாம். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அதனால் அந்தக் கிளியும் ஓர் ஆள் மாதிரி ஆகிவிட்டது.

"கிளி நல்லாருக்காப்பா?"

ரீகன் வண்டித் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான். "நல்லாருக்குக்கா" என்றான். சந்தோஷமாக இருந்தது. நல்ல பிள்ளை.

ஆவணி 6, வெள்ளி

கோபிநாத் சார் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டார். கோயமுத்தூர்ப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன். முதலில் ரயில்வே கேட்டைச் சொன்னார். ரீகன், "கேட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே லேட்டு சார்" என்றான். பிறகு டிபன் லேட்டா என்றார். இல்லை. பிறகு ரீகனே லேட்டா என்றார். ரீகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னங்மா இது, எல்லாருக்கும் ஒரே நேரத்துல தாகமெடுக்குது?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியல சார். வாசல்லயே தண்ணி வச்சா உள்ள போவ மாட்டாவல்லா?" என்றேன்.

"அட, கரெக்டுங்மா" என்றார்.

திங்கட்கிழமையிலிருந்து எல்லாரையும் அரைமணி முன்னதாகவே எழுப்ப வேண்டும், வாசலில் தண்ணீர் கேன் வைக்க வேண்டும் என்று முடிவு. எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இல்லை.

ஆவணி 9, திங்கள்

படிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுத் தண்ணீர் கேன் வைத்தேன். புது டம்ளர், சங்கிலி கட்டவில்லை. நானே பிடித்துக் கொடுத்தேன். ஒருவரும் வாங்கவில்லை. கண் வைத்தியத்துக்குப் போகிற கண்ணாஸ்பத்திரித் தாத்தா டம்ளரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "எனக்கு வெந்நிதாம்மா ஆவும்" என்று உள்ளே போனார். சந்தனமாரியின் மாமியார், "இரு மருமவளே, ஒரு நிமிசம் உள்ள போய் உக்காந்துட்டு வருவோம்" என்று அவளைத் திரும்பக் கூட்டிப் போனாள். உள்ளே போய் என் கேனில் இருக்கிற மாதிரி அதே தண்ணீரைத்தான் குடித்தார்கள். வார்டுக்கும் இதே கேன் தண்ணீர்தான் வருகிறது. நான் பார்த்தேன்.

அரைமணி முன்னாடி எழுப்பியதால் அரைமணி முன்னாடியே தாகம் எடுத்தது.

வண்டி லேட். சந்தனமாரிக்கு இன்றும் வைக்கவில்லை.

ஆவணி 10, செவ்வாய்

லேட்.

கேனில் எறும்பு. கழுவி வைத்தேன்.

ஆவணி 12, வியாழன்

இன்று லீவு. பேரூராட்சி ஆபீசில் அவருடைய இறப்புச் சான்றிதழ் வாங்கப் போனேன். பூல்பாண்டி என்கிற பெயரில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்தது. அவர் இல்லை, வேறு யாரோ செத்துப்போனது மாதிரி ஒரு நிமிஷம் மனசு லேசானது. பிறகு திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

வரும்போது கத்தரிக்காய் வாங்கினேன். சமைக்கவில்லை.

ஆவணி 13, வெள்ளி

போனதும் கோபிநாத் சார் ஓடி வந்தார். நேற்று ஏழு மணிக்கே வண்டி புறப்பட்டுவிட்டதாம். ஒருத்தருக்கும் தாகம் எடுக்கவில்லையாம். சந்தனமாரிக்குச் சரியாக ஒன்பது மணிக்குக் கரண்ட் வைத்துவிட்டார்கள். "நம்ம புது டைம்டேபிள் செட் ஆயிடுச்சுங்மா" என்று எனக்கும் ஒரு தேன்மிட்டாய் கொடுத்தார்.

நான் அதை வாயில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போய் ஆட்களைக் கூட்டி வந்தேன். படி வந்தது. கதவைத் திறந்தேன். திரும்பினேன்.

"தண்ணி குடிச்சிட்டு வாரேம்மா."

கோபிநாத் சாருக்கு ஒன்றுமே புரியவில்லை. "நேத்து அதே ஆளுங்க, அதே டைம், அதே வண்டி. இன்னிக்கு என்னதான் மாறுச்சு?" என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் புரியவில்லை. நேற்று வெயில் இல்லை, அதனால் இருக்கும் என்று சொன்னேன்.

பியூலா சிஸ்டர் ஜன்னல் பக்கம் நின்று மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து எண்ணினார்.

ஆவணி 15, ஞாயிறு

நேற்றும் இன்றும் வண்டி கிடையாது. பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். நான் காலையிலேயே கோயில் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. காற்று நன்றாக இருக்கும் என்று போனேன்.

ஆவணி 16, திங்கள்

என்ன எழுத என்று தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

இன்றைக்குச் சந்தனமாரிக்கு எச்சில்கூட விழுங்க முடியவில்லை. அவளைக் கைத்தாங்கலாக நான்தான் கூட்டிவந்தேன். படியில் மாமியார் நின்றாள். நான் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பியதும், "உள்ள வா மருமவளே" என்றாள்.

"என்னால நடக்க முடியாது அத்தே. வாங்க, ஏறுவோம்" என்று சந்தனமாரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"ஏட்டி, சொன்னா கேளு."

நான், "எம்மா, தண்ணிதான வேணும்? நான் கொண்டாரேன்" என்று டம்ளரை எடுத்தேன்.

அந்தம்மா என் கையைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் கேன் பக்கம் கூட்டிப்போனாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"எம்மா ஆவுடை, ஒனக்கு நெசமாவே வெளங்கலயா, இல்ல வெளங்காத மாரி இருக்கியா? தண்ணிக்கா நாங்க உள்ள போறோம்? பொறப்புடுத நேரத்துல நீ எதுக்க வந்து நிக்கே. நெத்தி வெறிச்சுன்னு இருக்கு. சாவவா பொழைக்கவான்னு போறவுகளுக்கு மனசு எப்பிடி இருக்கும்? அதான் திரும்பப் போய் உக்காந்து, தண்ணியக் குடிச்சிட்டு, புதுசா கெளம்புதோம்."

எனக்குக் கேனிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"நீங்களும் என்ன மாரிதான எம்மா?" என்றேன். அந்தம்மா புருஷன் இறந்து பல வருஷம் ஆகிறது.

"ஆமா, நானும் அறுத்தவதான். அதான் அவளுக்கு எதுக்க வரமாட்டேன். அவ பின்னால வாரேன், வண்டியில அவகூட உக்காருதேன். கூட வாரவளுக்கு ஒண்ணுமில்ல. கோவிச்சுக்கிடாத தாயி. எனக்கு எம்மருமவ வேணும். அவளுக்கு ரெண்டு புள்ளைய இருக்கு."

கோவம் இல்லை என்றேன். டம்ளரைக் கேன்மேல் கவிழ்த்து வைத்தேன். வண்டி லேட்டாகத்தான் போனது. சந்தனமாரிக்கு இன்றும் வைக்கவில்லை.

தாகம் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆவணி 17, செவ்வாய்

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை.

போர்வை, தலையணை உறை, எல்லாச் சேலையும் துவைத்தேன். ஆட்டுரலைக் கழுவினேன். பரணில் இருந்த பாத்திரத்தை எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தேன்.

காலையில் ஏழு அடிக்கும்போது தூரத்தில் வண்டி ஹாரன் கேட்டது. ஆஸ்பத்திரி வளைவில் அவரும் இப்படித்தான் இரண்டு தடவை அடிப்பார். ஏழு மணிக்கே போய்விட்டது.

ஆவணி 18, புதன்

இன்றும் காய்ச்சல். இன்றும் ஏழு மணிக்கு ஹாரன்.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். விட்டால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் அவர் நேரத்துக்கு வண்டி எடுத்தவர். அப்போது புறப்படும்போது எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்கள். அவர் வீட்டிலிருந்து புறப்படும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். "நீ எதுக்க வா, அப்பதான் கேட்டு தெறந்திருக்கும்" என்பார். அதே முகம்தான். கண்ணாடியில் பார்த்தேன். எப்போது மாறியது என்று தெரியவில்லை.

மூன்று மணிக்கு வீட்டு வாசலில் வண்டி நின்றது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற வழி. ரீகன் இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தனமாரி ஜன்னலில் தலையை வைத்திருந்தாள்.

"யக்கா, ரெண்டு நாளா வச்சிட்டாவ" என்றாள். கரண்ட் பட்டுக் கழுத்து கறுத்துப்போயிருந்தது.

"நல்லது தாயி. நான் இனிமே வரல. நீ நேரத்துக்குப் போ."

"நீங்க வரலன்னா என்ன யாரு புடிச்சு ஏத்துவா? அந்த வார்டு ஆயா என்ன மூட்ட மாரி தூக்கிப் போடுதா. நேத்து மண்ட இடிச்சுட்டு." சிரிக்கப் பார்த்து இருமினாள். "யக்கா, எங்கத்த சொன்னாவல்ல? கூட வாரவுகளுக்கு ஒண்ணுமில்லன்னு. அப்ப நீங்க வண்டி நிப்பாட்டுத செட்டுலயே ஏறி உக்காந்துக்கிடுங்க. நாங்க வரும்போது உள்ள இருந்து கையக் குடுங்க. எதுக்க வந்தாத்தானே?"

நான் மாமியாரைப் பார்த்தேன். அந்தம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"அது குத்தமில்ல" என்றாள். பிறகு, "கதவுக்குப் பின்னாடி உக்காந்துக்க" என்றாள்.

ரீகன் அப்போதுதான் வாயைத் திறந்தான். "நாளைக்குக் காலையில செட்டுக்கு வந்துருங்கக்கா."

இத்தனை வருஷத்தில் அந்த வண்டிக்குள் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை. வீட்டு ஆளை ஏற்றக்கூடாது என்று ரூல். அவர் ஏற்றவும் மாட்டார்.

ஆவணி 19, வியாழன்

போகவில்லை. செட்டுவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன்.

ஆவணி 20, வெள்ளி

போனேன். ரீகன் கதவைத் திறந்து வைத்துவிட்டு டயர் பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் போய்விட்டான். உள்ளே டெட்டாலும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை. அவர் சட்டையில் வருகிற வாசனை. கதவுக்குப் பின்னால் இருக்கிற மடக்கு சீட்டில் உட்கார்ந்தேன்.

வாசலுக்கு வண்டி வந்தது. ஆயா ஒவ்வொருவராகக் கூட்டிவந்தாள். நான் உள்ளே இருந்து கையை நீட்டினேன். சந்தனமாரி பிடித்தாள். கண்ணாஸ்பத்திரித் தாத்தா பிடித்தார். "யாரு ஆவுடையா? காய்ச்ச விட்டுட்டா?" என்றார். டயாலிசிஸ்காரர் பையை என் மடியில் வைத்துவிட்டு ஏறினார். யாரும் திரும்பிப் போகவில்லை. அதே கைதான், அதே நெற்றிதான். ஒரு தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் ஆகிறது, அந்தப் பக்கம் ஆகவில்லை. இதை யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு ஆரஞ்சு மிட்டாயைக் கையில் திணித்தாள். வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்றும் தெரியவில்லை.

ஏழு மணிக்குப் புறப்பட்டது.

ரயில்வே கேட் வந்தது. திறந்திருந்தது. பக்கத்தில் டீக்கடை. கூண்டு எங்கே என்று எட்டிப் பார்த்தேன். பாய்லர், பன் தொங்குகிற கயிறு, ஒரு பெஞ்சு. அவ்வளவுதான்.

"கிளி எங்கப்பா?"

ரீகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "இல்லக்கா."

"பறந்துட்டா?"

"இங்க கிளியே கெடையாதுக்கா. என்னைக்கும் கெடையாது. நீங்க அன்னைக்கு அப்பிடிக் கேட்டதும் இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

வண்டி கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. நான் அந்தக் கடை மறையும்வரை பார்த்தேன். அப்படியானால் ஆவுடை என்ன கொழம்பு வச்சா என்று கேட்டது யார்? துணியை எடுக்கச் சொன்னது யார்? நாள் முழுக்க வலியும் முனகலும் உள்ள வண்டியை ஓட்டிவிட்டு வந்து, அதில் ஒரு வார்த்தைகூட வீட்டுக்குக் கொண்டுவராமல், இல்லாத கிளியை எதற்குக் கொண்டுவந்தார்?

ஒன்பதுக்கு முன்னாடியே போய்விட்டோம். சந்தனமாரிக்கு வைத்துவிட்டார்கள்.

ஆவணி 23, திங்கள்

ஏழு மணி. கரண்ட் வைத்தாயிற்று.

கத்தரிக்காய்க் குழம்பு. உப்புச் சரி.

ஆவணி 26, வியாழன்

சந்தனமாரிக்குத் திரும்பி வரும்போது வலி தாங்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தாள். கேட் பக்கம் வந்ததும், "யக்கா, கிளி என்ன சொல்லுது?" என்றாள். அன்றைக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு, "கறுத்த கழுத்துக்காரி யாரு, வாரதும் போறதுமா இருக்கான்னு கேக்குது" என்றேன்.

"வெளுத்துரும்னு சொல்லுங்க."

"சொல்லிட்டேன்."

மாமியார் ஜன்னல் வழியாகக் கடையை எட்டிப் பார்த்தாள். "எங்க கிளி? நான் பாக்கலயே" என்றாள். ரீகன் சிரித்துவிட்டான்.

புரட்டாசி 3, வெள்ளி

சந்தனமாரிக்கு இன்றோடு கரண்ட் முடிந்தது. இனிமேல் ஒரு மாதம் கழித்து வந்து காட்டினால் போதும் என்றார்கள். கட்டி சுருங்கியிருக்கிறதாம். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமியார், "வாரேன் ஆவுடை" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். நான் வாசலில் நிற்கிறேனே என்று சட்டென்று தூண் பக்கம் ஒதுங்கினேன். அந்தம்மா நின்றாள். ஒரு நிமிஷம் என்ன செய்ய என்று அவளுக்கும் தெரியவில்லை போல. பிறகு திரும்பி உள்ளே போகாமல் நேரே நடந்துவிட்டாள். வீட்டுக்குத்தானே போகிறோம் என்று நினைத்தாளோ என்னவோ.

கோபிநாத் சாருக்கு ரொம்பச் சந்தோஷம். நம் ஆஸ்பத்திரி வண்டி இந்த இரண்டு வாரமாக ஒரு நாள்கூட லேட் இல்லை. இந்த டைம்டேபிளை மற்ற ஊர் ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டுபோகப் போகிறாராம். முன்னாடி எழுப்புவது, அட்டென்டர் செட்டிலேயே ஏறுவது, வாசலில் தண்ணீர் என்று எல்லாவற்றையும் வரிசையாகப் போனில் போட்டிருந்தார்.

"இதுல எதுனாலங்மா சரியாச்சு? நீங்கதான் தினமும் கூட இருந்தீங்க. எனக்கு இன்னும் அதுதான் பிடிபடல" என்று கேட்டார்.

சொல்ல வாய் வரை வந்தது. எங்கே தொடங்க என்று தெரியவில்லை. அவருக்கு நான் அட்டென்டர். அப்படியே இருக்கட்டும் என்று தோன்றியது.

"தெரியல சார்" என்றேன். "அந்தத் தண்ணி கேன மட்டும் பிரசவ வார்டுக்குக் குடுத்துருங்க. இங்க யாருக்கும் தாகம் எடுக்கல."